நீதிமன்றக் கணக்கில் உறங்கும் பிள்ளைகளின் பணம்

இலண்டனில் வீதி விபத்தொன்றில் கால் முறிந்த 6 வயதுப் பிள்ளைக்கு இழப்பீடு கிடைக்கின்றது என வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் பெரும்பாலும் பெற்றோரின் கைக்கு வருவதில்லை. காப்புறுதி நிறுவனம் தர முன்வந்த தொகை போதுமானதுதானா என்பதை நீதிபதி ஆராய்ந்து ஒப்புதல் அளித்த பின்னரே உடன்பாடு செல்லுபடியாகும். ஒப்புதல் கிடைத்த தொகை நீதிமன்ற நிதி அலுவலகம் எனப்படும் அரச அலுவலகத்தில் பிள்ளையின் பெயரில் வைக்கப்படுகின்றது. பிள்ளைக்கு 18 வயது நிறையும்வரை அது அங்கேயே இருக்கும்.

இடைப்பட்ட காலம் 12 ஆண்டுகள். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் வாழ்வில் 12 ஆண்டுகள் என்பது சிறிய காலமன்று. அதற்குள் மூன்று வீடுகள் மாறியிருக்கும். சில குடும்பங்கள் நாடே மாறியிருக்கும். குடியுரிமை பெறும்போது பிள்ளையின் பெயர் சுருங்கியிருக்கும்; தந்தையின் பெயர் முன்னிருந்து பின்னுக்குப் போயிருக்கும். வழக்கை நடத்திய சட்டத்தரணி தொழிலை விட்டிருப்பார். பதினெட்டாவது பிறந்தநாளையொட்டி அலுவலகம் அனுப்பும் கடிதம், யாரோ ஒருவர் குடியிருக்கும் பழைய வீட்டின் வாசலில் விழும். பணம் திருடப்படவில்லை. ஒரு சதமேனும் குறையவில்லை. ஆயினும் அது உரியவரைச் சென்றடையவில்லை.

நீதிமன்றங்கள் தம்மிடம் ஒப்படைக்கப்படும் பணத்தைத் திருடரிடமிருந்து காப்பதற்கு முந்நூறு ஆண்டுகளாகப் பழகியிருக்கின்றன. மறதியிலிருந்து காப்பதற்கு அவை இன்னும் போதிய அளவு பழகவில்லை. அந்தக் குறையின் சுமை, முகவரியும் பெயரும் அடிக்கடி மாறும் சமூகங்களின் மீதே அதிகமாக விழுகின்றது.

நீதிமன்றத்துக்குள் வரும் பணம் பலவகைப்படும். சிறுவருக்கு உரிய இழப்பீடு ஒன்று. குற்றவழக்கில் கட்டப்படும் காசுப் பிணை இன்னொன்று. இரு தரப்பினர் ஒரே தொகைக்கு உரிமை கோரும்போது, அதைக் கொடுக்க வேண்டியவர் எவருக்குக் கொடுப்பது எனத் தெரியாது நீதிமன்றத்தில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. காணி விற்ற பணம், இறந்தவர் விட்டுச்சென்ற பணம், மேன்முறையீட்டுக்காகக் கட்டும் பொறுப்புப் பணம் என இப்பட்டியல் நீளும். இவை அனைத்தையும் பெற்றுப் பற்றுச்சீட்டு எழுதி, வழக்கு இலக்கத்தின் கீழ்ப் பதிந்து, வங்கியிலோ திறைசேரியிலோ சேர்ப்பவர் நீதிபதி அல்லர். நீதிமன்றத்தின் எழுதுவினைஞரும் கணக்காளருமே அந்த வேலையைச் செய்கின்றனர். நீதிபதியின் கட்டளை இல்லாமல் அவர்கள் ஒரு காசையும் வெளியே விட முடியாது. கருமபீடத்தில் நின்று "இது எனது பிள்ளையின் பணம்" என்று தாயொருத்தி மன்றாடினாலும் எழுதுவினைஞர் அசையமாட்டார். அது கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அந்த விறைப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் வழக்காளிகளின் பணம் 'மாஸ்ரர்' எனப்பட்ட அதிகாரிகளின் கையில் இருந்தது. கையில் இருந்தது என்பதை நேர்ப்பொருளிலேயே கொள்ளலாம். அநாதைகளின் பங்கும் கைம்பெண்களின் சீதனமும் அவர்களிடம் கொடுக்கப்பட, அவர்கள் அதைத் தமது பணம்போல் முதலிட்டு வரும் இலாபத்தை வைத்துக்கொண்டனர். பதவியில் இப்படி வருமானம் இருந்தமையால் பதவியே விலைபோனது. 1720ஆம் ஆண்டில் 'சவுத் சீ' நிறுவனத்தின் பங்குகள் வீங்கி வெடித்தபோது வழக்காளிகளின் பணமும் அதனுடன் கரைந்தது. மாஸ்ரர் ஒருவர் நாட்டை விட்டே ஓடினார். எஞ்சியோரின் கணக்குகளைப் பார்த்தபோது அங்கும் பெரும் ஓட்டைகள் தெரிந்தன. அந்தப் பதவிகளைப் பணம் வாங்கிக்கொண்டு வழங்கிய பிரதம நீதி அதிகாரி மக்கிள்ஸ்பீல்ட் பிரபு, 1725ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தின் முன் குற்றஞ்சாட்டப்பட்டுக் குற்றவாளியெனக் காணப்பட்டார். 30,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டு, அதைக் கட்டித் தீர்க்கும்வரை இலண்டன் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். நாட்டின் நீதித்துறையில் முதலிடத்தில் இருந்தவருக்கு நேர்ந்த கதி அது.

அதற்கு அடுத்த ஆண்டில் பிறந்த ஏற்பாடுதான் இன்றுவரை தொடர்கின்றது. தலைமைக் கணக்காளர் என்றொரு பதவி உருவாக்கப்பட்டது. பணம் இங்கிலாந்து வங்கிக்குப் போகவேண்டும்; தலைமைக் கணக்காளர் கணக்கை மட்டும் எழுதவேண்டும்; பணத்தை அவர் கையால் தொடவும் கூடாது. கணக்கை எழுதுபவரும் பணத்தை வைத்திருப்பவரும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்ற இந்த எளிய பிரிவினைதான் பிற்காலத்தில் ஆங்கிலச் சட்டமரபைத் தழுவிய நாடுகளிலும் நீதிமன்றக் கணக்குகளின் முதுகெலும்பாயிற்று. ஊர்க் கோயில் நிருவாகத்தில் தனாதிகாரியும் கணக்காய்வாளரும் ஒருவராக இருக்கக்கூடாது என்று சண்டை பிடிக்கும் தமிழ்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

உரியவர் வந்து கேட்காத பணம் என்னவாகும் என்பதற்கும் இலண்டனிலேயே ஒரு சாட்சி நிற்கின்றது. ஸ்ட்ராண்ட் வீதியில் 1882ஆம் ஆண்டு விக்ரோறியா மகாராணியால் திறந்துவைக்கப்பட்ட அரச நீதிமன்ற மாளிகையைப் பல தமிழர் தமது புகலிட வழக்குகளுக்காகக் கண்டிருப்பர். அந்தக் கோபுரங்களையும் வளைவுகளையும் எழுப்பிய செலவின் ஒரு பகுதி, சான்சரியில் சேர்ந்து கிடந்த பணத்திலிருந்தே பெறப்பட்டது.

முதலைக் காப்பது ஒன்று. முதல் ஈட்டும் வட்டி எவருக்கு உரியது என்பது வேறொன்று. இந்தக் கேள்வி அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம்வரை போய் 1980ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டது. அந்த வழக்கு மருந்துக்கடை ஒன்றைப் பற்றியது. புளோரிடா மாநிலத்தில் 'வெப்ஸ் ஃபபியுலஸ் பார்மசீஸ்' என்ற நிறுவனத்தின் சொத்துக்களை 1976ஆம் ஆண்டில் 'எக்கேர்ட்ஸ்' என்ற நிறுவனம் ஏறத்தாழ 18 இலட்சம் டொலருக்கு வாங்கியது. விற்பவரின் கடன்கள் விலையையும் மிஞ்சிவிட்டதாகத் தெரியவந்தபோது, வாங்கியவர் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு முழுத் தொகையையும் செமினோல் கவுண்டி நீதிமன்றத்தில் கட்டினார். ஏறத்தாழ 200 கடன்காரர்கள் அதற்காகக் காத்திருந்தனர். பணத்தைப் பெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர், சட்டம் அனுமதித்த சேவைக் கட்டணமாக 9,200 டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வட்டி தரும் கணக்கில் இட்டார். வழக்கு இழுபட்ட காலத்தில் வட்டி மட்டும் ஓர் இலட்சம் டொலரைத் தாண்டியது. முதலைத் திருப்பிக் கொடுத்தவர்கள் வட்டியைக் கொடுக்க மறுத்தனர். நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட பணத்தின் வட்டி எழுதுவினைஞர் அலுவலகத்தின் வருமானம் எனப் புளோரிடாச் சட்டம் அப்போது கூறியது. நீதிமன்றக் கணக்கில் கிடக்கும் காலத்தில் அது பொதுப்பணம் என்று மாநில உச்ச நீதிமன்றமும் தீர்த்தது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதல் எவருடையதோ அதன் வட்டியும் அவருடையதே. சேவைக்குக் கட்டணம் ஏற்கெனவே பெற்றுக்கொண்ட பின் வட்டியையும் எடுப்பது தனியார் சொத்தை ஈடின்றி அரசு பறிப்பதாகும் என நீதியரசர் ஹரி பிளாக்மன் எழுதிய தீர்ப்பை நீதிபதிகள் அனைவரும் ஏற்றனர். பணம் நீதிமன்றத்தின் கையில் இருக்கும் குறுகிய காலத்துக்குக்கூட அதன் உடைமை மாறுவதில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அதே பிளாக்மன் 1971ஆம் ஆண்டில் எழுதிய இன்னொரு தீர்ப்பையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இலினோய் மாநிலத்தில் அக்காலத்தில் பிணைத்தொகையின் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். வழக்கு முடிந்ததும் அதிலும் பத்தில் ஒரு பங்கை எழுதுவினைஞர் நிருவாகச் செலவுக்கென எடுத்துக்கொள்வார். போக்குவரத்துக் குற்றச்சாட்டுக்காக 75 டொலர் கட்டிய ஒருவர், தம்மிடம் எடுக்கப்பட்ட ஏழரை டொலருக்காக வாஷிங்டன்வரை போராடினார். தோற்றார். செய்த வேலைக்கு அளவான கட்டணம் எடுப்பது பறிப்பு ஆகாது என்பது அங்கே விடை. ஆகவே கட்டணம் வேறு, பறிப்பு வேறு. ஏழரை டொலரைக் கொடுக்கலாம்; ஓர் இலட்சம் டொலரைக் கேட்டு வாங்கவேண்டும். இலினோய் மாநிலம் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பரில் காசுப் பிணை முறையையே ஒழித்துவிட்டது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் இவ்வாறு தெளிவான கேள்வி, பிரித்தானியாவில் அவ்வளவு தெளிவாக இல்லை. அங்கே சிறுவரின் பணம் 'சிறப்புக் கணக்கு' எனப்படுவதில் வைக்கப்படுகின்றது. அதற்கு அரசு வட்டி தருகின்றது. தனியாகக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் அலுவலகத்தின் செலவு, பணத்தை முதலிட்டு அரசு ஈட்டும் வட்டிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் வட்டிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டிலிருந்தே வருகின்றது. உலக நிதி நெருக்கடியின் பின் 2009ஆம் ஆண்டு ஜூலையிலிருந்து பல ஆண்டுகள் அந்தச் சிறப்புக் கணக்கின் வட்டி அரை விழுக்காடாகவே இருந்தது. 2011ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அந்நாட்டின் விலைவாசி உயர்வு 5 விழுக்காட்டைத் தாண்டியது. கை முறிந்ததற்காகவும் முகத்தில் தழும்பு விழுந்ததற்காகவும் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த தொகை, எவரும் தொடாமலேயே ஆண்டுதோறும் தேய்ந்தது. வங்கி விகிதங்கள் 2022ஆம் ஆண்டு முதல் ஏறியபோது இந்த வட்டியும் உயர்த்தப்பட்டது உண்மை. தேய்ந்துபோன ஆண்டுகளை அது திருப்பித் தராது.

பெற்றோர் இங்கே வாயடைத்து நிற்கவேண்டியதில்லை. தொகை பெரிதாகவும் பிள்ளை 18 வயதை அடையப் பல ஆண்டுகள் எஞ்சியும் இருந்தால் ஒரு பகுதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியொன்றில் இடுவதற்கும் அங்கே ஏற்பாடு உண்டு. அதைப்பற்றி ஒப்புதல் விசாரணையின்போதே கேட்கவேண்டும். கேட்பவர் சிலரே. விசாரணை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆங்கிலம் தடுமாறும் தந்தை தலையை ஆட்டிவிட்டு வெளியே வருவார். எவ்வளவு கிடைத்தது என்பது அவருக்கு நினைவிருக்கும். எங்கே போனது என்பது நினைவில் நிற்பதில்லை.

கனடாவில் தமிழர் செறிந்து வாழும் ஒன்ராறியோ மாகாணத்திலும் அடிப்படை இதுவே. சிறுவரின் வழக்கில் உடன்பாடு காணப்பட்டால் நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். பணம் மேல்நிலை நீதிமன்றத்தின் கணக்காளரிடம் செல்லும். பிள்ளைக்கு 18 வயதானதும் அடையாள ஆவணங்களுடன் விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம். இடையில் பல் வைத்தியம், சிறப்புக் கல்வி, சிகிச்சை எனப் பிள்ளையின் நேரடி நலனுக்கு அவசியமான செலவு வந்தால், சிறுவர் சட்டத்தரணி அலுவலகத்தினூடாக ஒரு பகுதியை முன்கூட்டியே கேட்கவும் வழியுண்டு. பிரித்தானியாவிலும் நீதிமன்றத்திடம் இவ்வாறு விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கடன் கட்டவும் குடும்பச் செலவுக்கும் கேட்டால் கிடைக்காது. கிடைக்கவும் கூடாது.

இந்த இடத்தில் பல பெற்றோரின் மனத்தில் ஒரு கசப்பு இருப்பதை மறைப்பதற்கில்லை. பெற்று வளர்த்தவரை நம்பாத சட்டம், முகம் தெரியாத எழுதுவினைஞரை நம்புகின்றதே என்பது அவர்களின் மனக்குறை. ஊரில் பிள்ளையின் நகையும் பெற்றோரின் பெட்டகமும் ஒன்றுதான். அவசரத்துக்கு அடகு வைத்து, பின்னர் மீட்டுப் போடுவது குடும்ப வழக்கம். அந்த வழக்கத்தில் அன்பு இருந்தது, கணக்கு இருக்கவில்லை. மீட்கப்படாமல் போன நகைகளின் கதையும் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. நீதிமன்றம் பெற்றோரைத் திருடராகக் கருதவில்லை. பெற்றோருக்கு வேலை போகலாம், கடன்காரர் வரலாம், குடும்பம் பிரியலாம் என்பதையே அது கருதுகின்றது. தந்தையின் கடனுக்காகப் பிள்ளையின் கால் விற்கப்படக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இன்னொரு அச்சமும் உண்டு. 18 வயது நிறைந்த மறுநாள் முழுத் தொகையும் பிள்ளையின் கைக்குப் போய்விடும். பெற்றோரின் கையொப்பம் தேவையில்லை. விலையுயர்ந்த மகிழுந்தில் கரைத்துவிடுவானோ, நண்பர்களுடன் செலவழித்துவிடுவாளோ எனப் பதறி, அப்படியொரு பணம் இருப்பதையே பிள்ளையிடம் சொல்லாமல் விடும் பெற்றோர் இருக்கின்றனர். இது மிகப்பெரிய தவறு. சொல்லாமல் விடுவதால் பிள்ளை பொறுப்புள்ளவனாக ஆவதில்லை. பணம்தான் காணாமற் போகின்றது. 14, 15 வயதிலேயே அந்தக் கட்டளைப் பத்திரத்தைப் பிள்ளையின் முன் வைத்து, உனக்கு ஏன் இது கிடைத்தது, அன்று என்ன நடந்தது, இதை வைத்து என்ன செய்யலாம் என்று பேசுவது எத்தனையோ மேல். தன் உடலில் இருக்கும் தழும்பின் கதையை அறியும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு.

பிணைப்பணத்தில் வேறொரு சிக்கல். மகன் கைதாகிவிட்டான் என்ற செய்தி கேட்டுப் பதறும் தந்தை, உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கொண்டுபோய்க் கட்டுகின்றார். கடன் கொடுத்தவர் ஒருவர், கருமபீடத்தில் நின்றவர் இன்னொருவர், பற்றுச்சீட்டில் எழுதப்பட்ட பெயர் மூன்றாமவருடையது என்றால், வழக்கு முடிந்தபின் பணம் எவருக்கு வரும்? பொதுவாகப் பற்றுச்சீட்டில் உள்ள பெயருக்கே வரும். எழுதுவினைஞருக்கு உறவுமுறை தெரியாது. நியூயோர்க்கில் குற்றம் உறுதியானால் கட்டிய பணத்தில் 3 விழுக்காடு வரை கழிக்கப்படும், விடுதலையானால் கழிவில்லை. புளோரிடாவில் நிலைமை இன்னும் கடுமையானது. பிணையைக் கட்டியவர் தந்தையாயினும் நண்பராயினும், குற்றஞ்சாட்டப்பட்டவர் செலுத்தவேண்டிய தண்டப்பணத்தையும் நீதிமன்றச் செலவையும் அந்தப் பணத்திலிருந்து எழுதுவினைஞர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கின்றது. படிவத்தில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். நள்ளிரவில் கையொப்பமிடுபவர் எத்தனை பேர் அதை வாசிப்பர்?

கனடாவில் பெரும்பாலான பிணைகளுக்குக் காசு கட்டவேண்டியதில்லை. பிணையாளி பொறுப்பேற்றாலே போதும். காசைக் கட்டச் சொல்லும்போது, எவரின் பெயரில் பற்றுச்சீட்டு எழுதப்படுகின்றது என்பதைக் கவனித்து, அதை வீட்டின் காணி உறுதியைப்போல் பத்திரப்படுத்த வேண்டும்.

பெயர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். தமிழரின் பெயர் மரபில் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். அந்த மரபை மேலைநாட்டுப் படிவங்களின் இரண்டு கட்டங்களுக்குள் அடைக்கும்போது, ஒரே வீட்டில் தந்தைக்கு ஒரு குடும்பப்பெயரும் பிள்ளைக்கு வேறொரு குடும்பப்பெயரும் அமைகின்றன. ஞானசேகரம், திருநாவுக்கரசு போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதியதுபோல் மற்றவர் எழுதுவதில்லை. வைத்தியசாலையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம், நீதிமன்றக் கட்டளையில் சட்டத்தரணியின் தட்டச்சாளர் எழுதிய மூன்றாவது விதம். பின்னர் திருமணமானால் மகளின் பெயர் மீண்டும் மாறும். பணம் கேட்டு வருபவர்தான் உரியவர் என்று உறுதிசெய்யும் பொறுப்பு எழுதுவினைஞருக்கு இருக்கின்றது. மக்கிள்ஸ்பீல்ட் காலத்திலிருந்து அவரை அப்படித்தான் பழக்கியிருக்கின்றனர். ஓர் எழுத்து மாறினாலும் அவர் சத்தியக்கடதாசி கேட்பார். ஆகவே கட்டளை எழுதப்படும் அன்றே, பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்களும் கட்டளையில் உள்ள எழுத்துக்களும் ஒன்றா எனப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பின்னர் திருத்துவதற்கு மாதங்கள் ஆகலாம்.

உரிமை கோரப்படாத பணம் உடனே பறிபோய்விடுவதில்லை என்பது ஆறுதல். அமெரிக்காவின் சமஷ்டி நீதிமன்றங்களில், எவருக்கு உரியது எனத் தீர்க்கப்பட்டு 5 ஆண்டுகளாக எவரும் கேளாத பணம் நாட்டின் திறைசேரிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரியவர் தக்க சான்றுடன் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். பிரித்தானியாவில் உரிமை கோரப்படாத நீதிமன்றக் கணக்குகளை அரசின் இணையத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். உரியவர் தாமே தேடி, தாமே விண்ணப்பிக்க முடியும். இதைச் செய்துதருவதாகக் கூறிப் பங்கு கேட்டு வருவோரிடம் கையொப்பமிடுமுன் இதை அறிந்திருப்பது நல்லது. தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலுடன் நின்றுவிடக்கூடாது. தந்தையின் பெயரையும் முன்பின்னாக இட்டுப் பார்க்கவேண்டும்.

தாயகத்திலும் இதன் நிழல் உண்டு. இலங்கையின் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ், பலருக்குப் பொதுவான காணியைப் பங்கிட முடியாதபோது விற்று, அந்தப் பணம் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு, பங்காளிகள் நீதிமன்றக் கட்டளையின்படி பெற்றுக்கொள்கின்றனர். பங்காளிகளில் ஒருவர் சுவிற்சர்லாந்திலும் இன்னொருவர் நோர்வேயிலும் இருக்கையில், ஊரில் இருப்பவர் தமது பங்கை எடுத்துக்கொண்டு போய்விட, மற்றோரின் பங்கு வழக்கு இலக்கத்தோடு அங்கேயே கிடக்கக்கூடும். அடுத்த தலைமுறைக்கு அந்தக் காணியின் பெயரே தெரியாது. வழக்கு இலக்கமும் நீதிமன்றத்தின் பெயரும் எழுதிய ஒரு தாள் வீட்டில் இருந்தால், அவர்களுக்குத் தொடங்குவதற்கு ஓரிடம் இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் பெற்றோரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. சிறுவரின் வழக்கை நடத்திக் கட்டணம் பெறும் சட்டத்தரணிகள், அவர்களுள் தமிழர் பலர், வழக்கு முடியும் நாளில் பணம் எங்கே வைக்கப்பட்டது, கணக்கு இலக்கம் என்ன, முகவரி மாறினால் எங்கே அறிவிப்பது என்பவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. வீடு மாறும்போது மின்சார நிறுவனத்துக்கும் வங்கிக்கும் அறிவிக்கும் குடும்பம், அந்தத் தாள் இருந்தால் நீதிமன்ற நிதி அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதும். வார இறுதிகளில் நூற்றுக்கணக்கான பெற்றோர் கூடும் தமிழ்ப் பாடசாலைகளில், கணினி தெரிந்த மாணவர் இருவரை அமர்த்தி, உரிமை கோரப்படாத கணக்குகளில் பெயர்களைத் தேடிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை போதும். அரச அலுவலகங்களிடமும் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயதாகும்போது பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது போதாது. பாடசாலைப் பதிவும் வைத்தியப் பதிவும் வைத்திருக்கும் ஓர் அரசு, வரி நிலுவை என்றால் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றது. பணம் கொடுக்கவேண்டிய வேளையிலும் அதே அக்கறையுடன் தேடவேண்டும் என அந்தந்த நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் தமிழ் அமைப்புகள் எழுத்தில் கேட்கலாம்.

அதுவரை, சிறுவயதில் விபத்தில் சிக்கியதாகவோ வைத்தியசாலையில் தவறு நடந்ததாகவோ வீட்டில் பேச்சு இருந்தால், 18 வயதைத் தாண்டிய இளையோர் அன்று வழக்கு எதுவும் நடந்ததா எனத் தாயிடமும் தந்தையிடமும் கேட்டுப் பார்க்கலாம். கட்டிலின் கீழுள்ள பயணப்பெட்டியில், குடிவரவுக் கடிதங்களுக்கும் பழைய கடவுச்சீட்டுகளுக்கும் நடுவே, முத்திரை பதித்த அந்தக் கட்டளைப் பத்திரம் பெரும்பாலும் இருக்கும்.